"உள்ளேன், டீச்சர்": பாளையங்கோட்டையில் ஒரு மொட்டை மாடி யோகா வகுப்பு

பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் ஒரு வீட்டின் மொட்டை மாடி. காலை மணி 5.45. 40 வயதுக்கும் 72 வயதுக்கும் இடைப்பட்ட பன்னிரண்டு பெண்கள் பாய்களில் சம்மணமிட்டு அமர்ந்திருக்க, ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை ஒருவர் நீளநோட்டைத் திறந்து பெயர்களை வாசிக்கிறார். பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வயதில் இருப்பவர்கள்கூடத் தங்கள் பெயர் வந்ததும் முதுகை நிமிர்த்திக்கொண்டு "உள்ளேன், டீச்சர்" என்கிறார்கள். முதல் நாள் என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை; யோகா கற்க வந்தோமா, ஐந்தாம் வகுப்பில் மறுபடி சேர்ந்துவிட்டோமா என்று தோன்றியது. 2023 ஆகஸ்டில் சேர்ந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகச் சென்று வருகிறேன். இப்போது சிரிப்பு வருவதில்லை. அந்த நோட்டைப் பற்றித்தான் இந்த மதிப்புரையில் அதிகம் எழுதப் போகிறேன்.

விவரங்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வகுப்பு திங்கள் முதல் சனி வரை, காலை 5.45 முதல் 6.55 வரை நடைபெறுகிறது. மாதக் கட்டணம் 600 ரூபாய். சேர்க்கைக் கட்டணம், சீருடை, மூன்று மாத முன்பணம் என்று எதுவும் இல்லை. பெண்களுக்கு மட்டுமே இடம். அதுவும் பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை, ஏனென்றால் தகரக் கூரை போட்ட பகுதியில் பன்னிரண்டு பாய்தான் கை தட்டாமல் விரிக்க முடியும். வாசலில் பெயர்ப்பலகை கிடையாது; வகுப்புக்குப் பெயரும் கிடையாது. அக்கம்பக்கத்தில் "டீச்சர் வீட்டு யோகா" என்றால் தெரியும். விளம்பரம் வேண்டாம் என்று டீச்சர் கேட்டுக்கொண்டதால் தெருவின் பெயரை இங்கே தரவில்லை. அப்படியானால் எதற்காக எழுதுகிறாய் என்று கேட்கலாம். இதுபோன்ற வகுப்புகள் நம் ஊர்களில் பல தெருக்களில் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் ஒன்றைத் தேடிச் செல்பவர் எதைப் பார்த்துச் சேர வேண்டும் என்று சொல்வதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி, நான் சேர்ந்த வகுப்பை உள்ளபடி எழுதுவதுதான்.

நான் வங்கி ஊழியர். இருபது ஆண்டுகளுக்கு மேல் நாற்காலியில் அமர்ந்து வேலை பார்த்ததன் பலனாக இடுப்பில் தண்டுவட வட்டு ஒன்று பிதுங்கியிருப்பதாக ஸ்கேன் சொல்லியது. அறுவைச் சிகிச்சை தேவையில்லை, எடையைக் குறைத்து முறையாக உடற்பயிற்சி செய்தால் போதும் என்றார் எலும்பு மருத்துவர். அப்போது சென்னையில் இருந்தேன். வீட்டுக்கு அருகே குளிரூட்டப்பட்ட, சுவரெல்லாம் கண்ணாடி பதித்த ஒரு யோகா நிலையத்தில் மாதம் 3,500 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். நாற்பது பேர் கொண்ட வகுப்பு அது. பயிற்றுநர் காதோரம் மைக்கை மாட்டிக்கொண்டு மேடையிலிருந்து எண்களைச் சொல்வார். நாங்கள் கீழே குனிந்து நிமிர்வோம். அவர் திறமையானவர்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் முன்னால் குனியக் கூடாது என்று மருத்துவர் எனக்கு எழுதிக் கொடுத்திருந்த சீட்டு ஐந்து மாதமும் என் கைப்பையிலேயே இருந்தது. அதைக் கேட்பதற்கு அங்கே யாருமில்லை, கொடுப்பதற்கு எனக்கும் ஒரு நேரம் வாய்க்கவில்லை. நடுவில் காய்ச்சலால் மூன்று வாரம் போகவில்லை. திரும்பிச் சென்ற அன்று வரவேற்பில் இருந்த பெண் என் அட்டையை இயந்திரத்தில் தேய்த்துவிட்டு, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கான தள்ளுபடியைப் பற்றி எனக்கு விளக்கத் தொடங்கினார்.

திருநெல்வேலிக்கு மாற்றலாகி வந்த பிறகு, எங்கள் கிளைக்கு ஓய்வூதியம் வாங்க வரும் ஓர் அம்மா என் நடையைப் பார்த்துவிட்டுத் தாமாகவே டீச்சரின் பெயரைச் சொன்னார். வகுப்பில் சேரும் முன் நடந்த முதல் சந்திப்பில் பயிற்சி எதுவும் நடக்கவில்லை. மாலையில் தனியாக வரச் சொல்லி, கீழ்வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்து, முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டார் டீச்சர். என்ன வேலை, எந்தப் பக்கம் படுத்துத் தூங்குகிறேன், ரத்த அழுத்தம் உண்டா, கண்ணில் அழுத்த நோய் உண்டா, குழந்தை சுகப்பிரசவமா அறுவையா, மாதவிலக்கு நின்றுவிட்டதா, குடலிறக்கத்துக்கு அறுவை செய்திருக்கிறதா, தரையில் உட்கார்ந்தால் எதைப் பிடித்துக்கொண்டு எழுகிறேன் என்று ஒன்று விடாமல் கேட்டு, ஸ்கேன் அறிக்கையை வாங்கிப் படித்து, மருத்துவரின் சீட்டைத் தம் நோட்டில் அப்படியே பார்த்து எழுதிக்கொண்டார். ஐந்து மாதம் கைப்பையில் கிடந்த காகிதம் ஐந்து நிமிடத்தில் அந்த நோட்டில் ஏறிவிட்டது. அதன் பிறகு முற்றத்தில் பத்தடி நடக்கச் சொல்லிப் பின்னாலிருந்து பார்த்துவிட்டு, "வலது காலத்தான் நம்பி நிக்கிய. இடது கால் சும்மா கூட வருது" என்றார். இத்தனை காலம் என்னைச் சோதித்த எவரும் சொல்லாத ஒன்று அது.

ஆக, அது வெறும் வருகைப் பதிவேடு அன்று. இடது பக்கத்தில் பெயரும் தேதிவாரியான கட்டங்களும் உள்ளன. வலது பக்கத்தில் அவரவர் உடம்பின் கதை. யாருக்கு எது கூடாது என்பது சிவப்பு மையில் எழுதப்பட்டிருக்கிறது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் தலையைத் தாழ்த்தி நெடுநேரம் நிற்பதும் மூச்சை அடக்கி வைப்பதும் கூடாது. கண் அழுத்தம் உள்ளவர், தோளை ஊன்றி உடம்பைத் தலைகீழாக நிறுத்தும் சர்வாங்காசனம் பக்கமே போகக் கூடாது. எலும்பு தேய்ந்தவர்கள் முன்குனிவதிலும் முதுகைத் திருகுவதிலும் மிகுந்த எச்சரிக்கையாக இருக்க வேண்டும். வயிற்றில் அறுவை செய்தவர், மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் கபாலபாதி செய்யக் கூடாது. இவையெல்லாம் பாடப்புத்தகத்தில் இருப்பவைதாம். அந்த வரியை அந்த ஆளுக்கு நேராக எழுதி வைத்து, அந்த ஆசனம் வரும் நொடியில் அந்த ஆளை நோக்கித் திரும்பிப் பார்க்கும் ஒருவர் இருப்பதுதான் அரிது. பன்னிரண்டு பேர் என்பதால் மட்டுமே அது இயல்கிறது.

வகுப்பு நடக்கும் விதத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். வருகை வாசித்து முடிந்ததும் ஐந்து நிமிடம் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்க வேண்டும்; ஓம் சொல்ல விரும்புவோர் சொல்லலாம், விரும்பாதவர் சும்மா இருக்கலாம். மேலப்பாளையத்திலிருந்து வரும் இரண்டு சகோதரிகளும், சர்ச் தெருவிலிருந்து வரும் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவரும் சும்மா இருப்பார்கள். அதைப் பற்றி யாரும் ஒரு சொல் சொல்லி நான் கேட்டதில்லை. பிறகு கழுத்து, தோள், மணிக்கட்டு, கணுக்கால் என்று மூட்டுகளைத் தளர்த்தும் பயிற்சிகள். நின்ற நிலையில் தாடாசனம், திரிகோணாசனம், வீரபத்ராசனம், குப்புறப் படுத்துப் புஜங்காசனம், சலபாசனம், மல்லாந்து படுத்துச் சேதுபந்தாசனம், சுவரில் காலைத் தூக்கி வைக்கும் விபரீதகரணி, சவாசனம், எழுந்து அமர்ந்து, மூக்கின் இரு துளைகளிலும் மாற்றி மாற்றி மூச்சு விடும் நாடிசுத்தி, வண்டுபோல ரீங்கரித்தபடி மூச்சை விடும் பிராமரி. ஒரு நாளில் பத்து ஆசனங்களுக்கு மேல் போவதில்லை. சூரிய நமஸ்காரம் வாரத்தில் இரண்டு நாள். அதையும் நால்வர் மட்டும் முழுமையாகச் செய்வோம், மற்றவர்கள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு செய்வார்கள்.

கருவிகள் என்று பெரிதாக எதுவும் இல்லை. வார், மரக்கட்டை, நாற்காலி ஆகியவற்றின் துணையோடு ஆசனங்களை எல்லா உடம்புக்கும் எட்டச் செய்தவர் புனேயில் வாழ்ந்து 2014இல் மறைந்த பி.கே.எஸ். ஐயங்கார். இங்கே வாருக்குப் பதிலாகப் பழைய நூல் சேலையிலிருந்து கிழித்த பட்டை, மரக்கட்டைக்குப் பதிலாகத் துணி சுற்றித் தைத்த செங்கல், நாற்காலிக்குக் கல்யாண மண்டபத்தில் கழித்துப் போட்ட இரும்பு மடக்கு நாற்காலி. செங்கலின் உறையை ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுப் பழந்துணியில் தைத்துக்கொண்டு வர வேண்டும் என்பது டீச்சர் வகுத்த விதி. என் செங்கலுக்கு என் மகளின் பள்ளிச் சீருடைத் துணி. திரிகோணாசனத்தில் கை தரையைத் தொடாமல் அந்த நீலக் கட்டத் துணியின் மேல் போய் அமரும்போதெல்லாம், அவள் ஆறாம் வகுப்புக்குப் போன ஆண்டு நினைவுக்கு வரும்.

பாயைப் பற்றி ஒரு குறிப்பு. வகுப்பில் பாதிப்பேர் கோரைப் பாய்தான் கொண்டுவருகிறார்கள். சேரன்மகாதேவி வழியில் இருக்கும் பத்தமடை எங்களுக்கு வெகு அருகில். அதன் பாய்க்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மலேயாவில் மருத்துவராக இருந்துவிட்டு ரிஷிகேசத்துக்குச் சென்று துறவியாகி, 1936இல் தெய்வ நெறிக் கழகத்தைத் தொடங்கிய சுவாமி சிவானந்தர் 1887இல் பிறந்ததும் அதே பத்தமடையில்தான். பாய்க்கும் யோகத்துக்கும் ஒரே ஊர் என்று எங்கள் ஆச்சி (72 வயதுக்காரரை எல்லோரும் அப்படித்தான் அழைக்கிறோம்) பெருமையோடு சொல்வார். பெருமை நியாயமானதே, ஆனால் மதிப்புரை எழுதுபவள் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கோரைப் பாய் படுப்பதற்கு இதம், வியர்வையை உறிஞ்சும், முதுகு சூடேறாது. ஆனால் காலை அகட்டி நிற்கும் ஆசனங்களில் வழுக்கும். வழவழப்பான தரையில் அது பாயோடு ஆளையும் இழுத்துக்கொண்டு போய்விடும். நிற்கும் ஆசனங்களுக்கு ரப்பர் விரிப்பும் படுக்கும் ஆசனங்களுக்குக் கோரைப் பாயுமாக இரண்டையும் கொண்டுபோவது நல்லது. முதல் வாரத்தில் நான் வழுக்கி, பக்கத்துப் பாயில் இருந்த செவிலியர் அம்மாவின் மேல் விழுந்துதான் எங்கள் அறிமுகமே தொடங்கியது.

டீச்சர் எந்த யோகப் பரம்பரையைச் சேர்ந்தவர் என்று கேட்டேன். பள்ளியில் பணியாற்றிய காலத்தில் அஞ்சல் வழியில் யோகாவில் பட்டயம் பெற்றதாகவும், மற்றதெல்லாம் முப்பது ஆண்டு பிள்ளைகளை மைதானத்தில் ஓடவிட்டுப் பார்த்துக் கற்றது என்றும் சொன்னார். சென்னையில் 1976இல் டி.கே.வி. தேசிகாச்சார் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரத்தின் அடிப்படைக் கொள்கை, ஆசனத்துக்காக ஆளை வளைக்காமல் ஆளுக்காக ஆசனத்தை மாற்ற வேண்டும் என்பது. தேசிகாச்சாரின் தந்தை திருமலை கிருஷ்ணமாச்சார்யர் (1888–1989) தம் பிற்காலத்தில் சென்னையில் ஒருவருக்கு ஒருவர் என்ற முறையிலேயே பெரும்பாலும் கற்பித்தார். எங்கள் டீச்சர் அங்கே சென்று பயின்றவர் அல்லர், அந்தக் கொள்கையைப் பற்றி நான் சொன்னபோது, "பி.டி. பீரியட்ல ஆஸ்துமா இருக்கப் பிள்ளையையும் ஓட்டப் பந்தயக்காரப் பிள்ளையையும் ஒண்ணாவா ஓடவிடுவோம்?" என்று கேட்டுவிட்டுச் செங்கற்களை அடுக்கப் போய்விட்டார். எனக்கு முன்குனிந்து செய்யும் எந்த ஆசனமும் முதல் ஆறு மாதம் தரப்படவில்லை. எல்லோரும் குனியும்போது நான் சுவரில் இரு கைகளையும் ஊன்றி முதுகை நீட்டி நிற்பேன். இன்றும் என் வலி முற்றாகத் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வங்கியில் நாள் முழுவதும் உட்கார்ந்துவிட்டு மாலையில் கீழே விழுந்த பேனாவைப் பயமில்லாமல் எடுக்க முடிகிறது.

இனி, அந்த நோட்டின் இடது பக்கத்துக்கு வருகிறேன். பெயரை வாசிக்கும்போது "உள்ளேன்" என்ற குரல் வராவிட்டால் டீச்சர் தலையைத் தூக்கிப் பார்ப்பார். அந்த ஒரு நொடி மௌனத்தில் வராதவர் எங்கே என்று பன்னிரண்டில் யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும். "மருமகளுக்கு வளைகாப்பு, டீச்சர்", "தென்காசிக்குத் துஷ்டிக்குப் போயிருக்காவ" என்று ஒரு பதில் வரும். யாரிடமிருந்தும் பதில் வராவிட்டால் வகுப்பு முடிந்ததும் டீச்சர் கைப்பேசியை எடுத்துவிடுவார். நான் சேர்ந்த இரண்டாம் மாதம், தணிக்கை வேலை நள்ளிரவு வரை நீண்டதால் ஒரு நாள் எழுந்திருக்க முடியவில்லை. காலை 7 மணிக்கு அழைப்பு: "என்ன மெட்ராஸ், இன்னைக்குக் காங்கலையே, இடுப்பு பிடிச்சுக்கிட்டா?" சென்னையில் மூன்று வாரம் காணாமல் போனபோது அட்டையைத் தேய்த்த இயந்திரத்துக்குக்கூட அது தெரியவில்லை, இங்கே ஒரு காலைப் பொழுது காணாமல் போவதற்கு விடுப்புக் கடிதம் தேவைப்படும் போலிருந்தது. கணவர் வேலை நிமித்தம் வேறு ஊரில், மகள் விடுதியில், நானோ அறிமுகமில்லாத ஊரில் இரண்டு அறை வீட்டில் தனியாக. அன்று அந்தக் குரலைக் கேட்டு எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. பல் துலக்கி முடிப்பதற்குள் அது வேறொன்றாகிவிட்டது.

மெட்ராஸ் என்பதே என் பெயராகிப்போனது. இளையவர்கள் மெட்ராஸ் அக்கா என்பார்கள். செவிலியர் அம்மாவுக்கு நான் மதினி. இதில் யாரும் யாரோடும் நட்புக் கொள்ள வேண்டும் என்று முயன்றதாக நினைவில்லை. வட்டமாக உட்கார்ந்து மனம் திறந்து பேசும் நிகழ்ச்சி எதுவும் இங்கே கிடையாது. பயிற்சி நேரத்தில் பேசினால் டீச்சர் பெயரைச் சொல்லி அதட்டுவார். ஆனால் ஆண்டுக்கணக்கில் ஒருவரின் அருகே ஒருவர் படுத்து எழும்போது, பக்கத்துப் பாயின் மூச்சு ஒரு நாள் மாறியிருப்பது காதுக்குத் தெரிந்துவிடுகிறது. மேலப்பாளையத்துச் சகோதரிகளில் இளையவர் ஒரு காலை பிராமரி செய்யும்போது ரீங்காரம் நடுவில் உடைந்தது. யாரும் கண்ணைத் திறக்கவில்லை. முடிந்ததும் ஆச்சி அவரது பாயைத் தாமே சுருட்டிக் கொடுத்து, படியிறங்கும் வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு போனார். என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியப் பத்து நாள் ஆயிற்று. இங்கே எழுதத் தக்கதும் அன்று.

2023 டிசம்பர் 17ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை பெய்யத் தொடங்கிய அந்த மழையைத் தென்மாவட்டத்தார் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தாமிரபரணி கரை மீறி, திருநெல்வேலி சந்திப்புப் பகுதியைத் தண்ணீர் சூழ்ந்தது. மின்சாரம் இல்லை, கைப்பேசி இணைப்பு வந்து வந்து போனது. திங்கள் காலை வகுப்பு இருக்காது என்பது சொல்லாமலே தெரியும். ஆனாலும் 5.45 தாண்டி ஐந்து நிமிடத்தில் என் கைப்பேசி ஒரு முறை ஒலித்து அறுந்தது. மறுபடி ஒலித்தது. "நோட்டு வாசிக்கேன், உள்ளேன்னு மட்டும் சொல்லுங்க, சார்ஜ வீணாக்காதீங்க" என்றார் டீச்சர். வரிசைப்படி எல்லோரையும் அழைத்திருக்கிறார். பதினோரு பேர் கிடைத்தோம். ஆற்றங்கரைத் தெரு ஒன்றில் தனியாக இருந்த, தையல் வேலை செய்யும் ஒருவர் மட்டும் கிடைக்கவில்லை. அவருடைய மச்சினர் வேலை செய்யும் கடை எது என்று ஒருவருக்கும், அந்தக் கடைக்காரரின் எண் இன்னொருவருக்கும் தெரிந்திருந்தது; மதியத்துக்குள் அவர் பக்கத்து வீட்டு மாடியில் பத்திரமாக இருக்கும் செய்தி வந்தது. தையல் இயந்திரம் போய்விட்டது. அடுத்த மாதம் கட்டண உறையில் அவரவர் எவ்வளவு கூடுதலாக வைத்தார்கள் என்பது டீச்சருக்கு மட்டுமே தெரியும். பழைய இயந்திரம் ஒன்று வந்து சேர்ந்தது என்பதே எங்களுக்குத் தெரிந்தது.

குறைகள் இல்லாமல் இல்லை. சிலவற்றை நான் நேரிலேயே டீச்சரிடம் சொல்லியிருக்கிறேன். முதலாவது, படிக்கட்டு. மூட்டுவலிக்காரர்களே அதிகம் வரும் வகுப்புக்கு, கைப்பிடி ஒரு பக்கம் மட்டுமே உள்ள இருபத்திரண்டு செங்குத்துப் படிகளை ஏறித்தான் போக வேண்டும் என்பது பொருத்தமற்றது. ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்துப் பக்கமிருந்து வரும் காற்று தகரக் கூரையைத் தூக்கி அடிக்கும் அடியில் சவாசனம் செய்வது வீண் முயற்சி. கழிப்பறைக்குக் கீழே வீட்டுக்குள் செல்ல வேண்டும். அந்நேரத்தில் டீச்சரின் கணவர் கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார் என்பதால் பலரும் கூச்சப்பட்டு அடக்கிக்கொள்கிறோம். டீச்சர் வீட்டு விசேஷம் என்றால் வகுப்பு விடுமுறை. அதற்குக் கட்டணத்தில் கழிவு இல்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஐக்கிய நாடுகள் அவை 2014இல் அறிவித்து, 2015 முதல் உலகமெங்கும் கொண்டாடப்படும் ஜூன் 21, சர்வதேச யோகா நாளன்று, எங்கள் யோகா வகுப்பு விடுமுறை. டீச்சர் தம் பழைய பள்ளிக்குச் சென்று பிள்ளைகளுக்குச் செய்துகாட்டப் போய்விடுவார்.

இவற்றைவிடப் பெரிய குறை வேறொன்று. பிராணாயாமம் ஒழுங்காகச் செய்தால் சர்க்கரை மாத்திரையை விட்டுவிடலாம் என்று டீச்சர் ஒரு முறை சொன்னார். இதை நான் ஏற்கவில்லை. யோகா சர்க்கரை நோயாளிக்குத் துணை செய்யும். மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்துவது ஆபத்து. செவிலியர் அம்மா எல்லோர் முன்னிலையிலும் மெல்லிய குரலில், ஆனால் விட்டுக்கொடுக்காமல் மறுத்தார். இரண்டு நாள் மாடியில் இறுக்கம். மூன்றாம் நாள் வருகை வாசித்து முடித்ததும், "மாத்திரைய யாரும் நிறுத்தக் கூடாது, நான் சொன்னது தப்பு" என்று டீச்சரே சொல்லிவிட்டு அடுத்த பயிற்சிக்குப் போனார். பன்னிரண்டு பேர் கொண்ட வகுப்பில் மட்டுமே இப்படி மறுக்கவும் முடியும், திருத்திக்கொள்ளவும் முடியும் என்று நினைக்கிறேன். மேடையிலிருந்து மைக்கில் சொல்லப்படுவதை எழுந்து நின்று யார் மறுக்கிறார்கள்?

தனிமையை விரும்புகிறவர்களுக்கு இந்த வகுப்பு ஒத்துவராது என்பதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். வகுப்பு முடிந்ததும் ஆளுக்கு ஒரு தம்ளர் சுக்குக் காப்பி உண்டு. அந்தப் பத்து நிமிடத்தில் உங்கள் சம்பளம் எவ்வளவு, மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கியாயிற்றா, கணவர் ஏன் மாதம் ஒரு முறைதான் வருகிறார் என்பதெல்லாம் விசாரிக்கப்படும். கேட்பவர்களுக்கு அது தவறென்று தோன்றுவதே இல்லை. மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரியும் ஓர் இளம்பெண், ஏன் இன்னும் குழந்தை இல்லை என்று மூன்றாவது முறையாகக் கேட்கப்பட்டதும் வருவதை நிறுத்திவிட்டார். டீச்சர் அழைத்தும் திரும்பி வரவில்லை. நோட்டில் அவர் பெயருக்கு நேரே இருந்த கட்டங்கள் ஒரு மாதம் வெறுமையாகவே இருந்தன; இங்கே கிடைக்கும் அக்கறையும் இந்தத் தொல்லையும் ஒரே வாயிலிருந்துதான் வருகின்றன என்பதை நான் அப்போது புரிந்துகொண்டேன். அதன் பிறகு ஆச்சி ஒருவர் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்பதை நிறுத்தினார். மற்றவர்கள் நிறுத்தவில்லை.

தியானமும் தத்துவமும் வேண்டுவோர்க்கு இவ்வகுப்பில் கிடைப்பது குறைவு. அவர்கள் வேதாத்திரி மகரிஷி 1958இல் நிறுவிய உலக சமுதாய சேவா சங்கத்தின் மனவளக்கலை மன்றங்களை நாடலாம். தமிழகத்தில் சிற்றூர்களிலும் அவை உண்டு, எளிய முறை உடற்பயிற்சியும் தவமும் படிப்படியாகக் கற்பிக்கப்படுகின்றன. எங்களில் இருவர் வாரக் கடைசியில் அங்கும் சென்று வருகிறார்கள்; அவர்கள் மட்டும் "உள்ளேன், டீச்சர்" என்பதோடு "வாழ்க வளமுடன்" என்றும் சேர்த்துச் சொல்வார்கள். ஆண்களுக்கு மாலையில் தனி வகுப்புத் தொடங்கும்படி பலரும் கேட்டு டீச்சர் இதுவரை இசையவில்லை. உங்கள் ஊரில் இதுபோன்ற ஒன்றைத் தேடுவீர்களானால், சேரும் முன் ஒரு நாள் சென்று ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். எல்லோரும் ஒரே ஆசனத்தை ஒரே விதமாகச் செய்துகொண்டிருந்தால் யோசியுங்கள். வராத ஒருவரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல யாருமில்லை என்றால் இன்னும் சற்று யோசியுங்கள்.

இப்போது வகுப்பில் இடம் இல்லை. காத்திருப்போர் பட்டியலில் மூவர் இருக்கிறார்கள். வருகிற ஆனிக்கு முன்பாகத் தகரத்தை எடுத்துவிட்டுக் காற்றுக்குச் சத்தம் போடாத கூரையை மாற்றுவதாகவும், படிக்கட்டுக்கு இன்னொரு பக்கமும் கைப்பிடி வைப்பதாகவும் டீச்சர் சொல்லியிருக்கிறார். அதனால் கட்டணம் அடுத்த மாதம் முதல் 700 ரூபாய். போன சனிக்கிழமை இதை அறிவித்தபோது பதினோரு பேர் தலையசைத்தோம். கூரையையும் கைப்பிடியையும் முதலில் கண்ணால் பார்த்த பிறகுதான் அந்த நூறு ரூபாயைப் பற்றிப் பேச முடியும் என்று ஆச்சி சொல்லிவிட்டார்.